ஏழாவது தட்டு

முத்துப்பேச்சிக்குப் பெயரில் இருக்கிற பேச்சு வாயில் இல்லை என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். வேலையும் அதற்குத் தோதாகத்தான் அமைந்தது. பாறைக்குள் காது வைத்துக் கேட்பதுதான் அவள் வேலை. மலையின் விலாவில் துளை போட்டுப் பதினாறு உணர்கருவிகளைச் செருகி, அவற்றின் கம்பிகளை ஒரு பெட்டியில் கொண்டுவந்து சேர்த்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எங்கோ ஒரு கல் நகர்வதும் எங்கோ ஒரு கசிவு சொட்டுவதும் கேட்கும். எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் என்பதைப் பெட்டியே திரையில் காட்டிவிடும். அந்தப் பெட்டி அதுவரை அவளை ஏமாற்றியதில்லை.

மேற்கே பெய்கிற மழையைக் கிழக்கே கொண்டுவர ஊதுமலையைக் குடைந்து சுரங்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்து நானூறு மீட்டர் போனதும் குடையும் இயந்திரம் வெறும் காற்றைக் கடித்தது. பாறைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத ஒரு குகை இருந்தது. ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரே ஒரு இடுக்கு. அதற்குக் கழுத்து என்று பெயர் வைத்தார்கள். கழுத்தைத் தாண்டினால் குகை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் தண்ணீர் தேங்கிய பள்ளம், நீர்ப்பொந்து. வலப்பக்கம் எங்கிருந்தோ காற்று வருகிற மேடு, காத்துப்பொந்து. இதையெல்லாம் அளந்து படம் போட்டு முடித்தால்தான் சுரங்க வேலை மேலே நகரும். அதற்காகச் சின்னமாயன் தலைமையில் ஆறு பேர் நாற்பது நாளாகத் தினமும் உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கழுத்துக்கு வெளியே, சுரங்கச் சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு சுத்தியல் தொங்கும். வேலை முடிந்து எல்லோரும் வெளியே வந்ததும் வரிசையாக நின்று, சுத்தியலைக் கை மாற்றிக் கை மாற்றி, பக்கத்துப் பாறையில் ஆளுக்கு ஒரு தட்டு தட்டுவார்கள். உள்ளே போகும்போது தட்டுவதில்லை. வெளியே வந்தவன்தான் தட்ட வேண்டும். அவனவன் தட்டை அவனவன்தான் தட்ட வேண்டும். காத்திருக்கிறவர் சத்தமாக எண்ண வேண்டும். எண்ணி முடித்துச் சுத்தியலை வாங்கி ஆணியில் மாட்டினால் அன்றைய வேலை முடிந்தது. இதற்குத் தலைத்தட்டு என்று பெயர். எண்ணுகிறவள் ஒச்சம்மாள். தலைவிளக்குகளுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுக்கிற விளக்கறை அவள் பொறுப்பு. ஆறு பேரில் ஒருவனான தங்கப்பாண்டி அவள் புருஷன்.

ஒரு வியாழக்கிழமை உணர்கருவிகளைப் பொருத்த முத்துப்பேச்சியும் அவர்களோடு உள்ளே போனாள். வெளியே வந்ததும் சின்னமாயன் சுத்தியலை அவளிடம் நீட்டினார்.

"தட்டுங்க மேடம். தட்டலைன்னா நீங்க இன்னும் உள்ளதான் இருக்கீகன்னு மலை நெனச்சுக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தட்டினாள். சுத்தியல் கனம் கைக்குப் பிடிபடாமல் துள்ளி, ஒரு தட்டு ஒன்றரைத் தட்டாக விழுந்தது. டக்-க. ஆறு பேரும் சிரித்தார்கள். "மேடம் தட்டு திக்குது" என்றான் தங்கப்பாண்டி. ஒச்சம்மாள் சிரிக்காமல் "ஏழு" என்று எண்ணி முடித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குக் கழுத்து இடிந்தது. ஆறு பேரும் உள்ளே இருந்தார்கள்.

மதியம் ஒரு மணிக்கு ஹெட்போனில் முதல் சத்தம் வந்தது. டக். கொஞ்சம் இடைவெளி. டக். முத்துப்பேச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஆறு. இடப்பக்கம், நாற்பது மீட்டர் என்றது பெட்டி. நீர்ப்பொந்து இருக்கிற இடம்.

"ஆறு தட்டு சார். ஆறு பேரும் இருக்காங்க" என்று ஹெட்போனைக் கழற்றாமலேயே சொன்னாள்.

தலைமைப் பொறியாளர் பொன்னையா எப்போதும் ஒரு பிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு திரிவார். அதை அன்றுதான் கீழே வைத்தார். "எடப்பக்கம் குடைங்க. ஆள் தவழ்ற அளவுக்கு ஒரு குழி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எட்டிரணும்" என்றார். சுரங்க வாயிலில் நின்ற குடும்பங்களுக்குச் செய்தி போனது. அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டு மறுபடி அழுதார்கள். ஒச்சம்மாள் மட்டும் முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறுதான மேடம்? நல்லா எண்ணுனீகளா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

அன்று மாலை ஐந்து மணிவாக்கில் வேறொரு சத்தம் வந்தது. முதலில் ஒரு குளறுபடியான ஒலி. நான்கு நிமிடம் கழித்து ஒரே ஒரு தெளிவான தட்டு. அதோடு நின்றுவிட்டது. பாறை தன் கனத்தைச் சரிசெய்துகொள்ளும்போது இப்படி எதையாவது முனகும். அவள் அதைக் குறித்து வைத்ததோடு சரி.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி தட்டு. ஒன்று, இரண்டு, மூன்றாவது மட்டும் மெலிந்து, நான்கு, ஐந்து. ஆறாவதுக்காக அவள் காத்திருந்தாள். பத்து நிமிடம், இருபது நிமிடம். வரவில்லை.

பொன்னையா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒருத்தர் போயிட்டாரு போல."

"சொல்லிரலாமா சார்?"

"யாருன்னு தெரியுமா உனக்கு? தெரியாம ஆறு வீட்டு வயித்துலயும் நெருப்ப அள்ளிக் கொட்டப் போறியா? கம்முனு இரு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததாகத்தான் அவளுக்கும் பட்டது. தேநீர் கொண்டுவந்த ஒச்சம்மாள், "இன்னைக்கு எத்தன தட்டு மேடம்?" என்று கேட்டபோது முத்துப்பேச்சி அவள் முகத்தைப் பார்க்காமல் "ஆறு" என்றாள். சொன்ன பிறகு டம்ளரை வாயில் வைக்க முடியவில்லை. பாறை சொன்னதைச் சொல்வது ஒன்றுதான் அவள் வேலை. அதில் போய் பொய் சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் பாறை ஏழு முறை தட்டியது.

அவள் பதிவை மறுபடி ஓட்டினாள். ஏழு. பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டு ஓட்டினாள். ஏழுதான். ஆறு பேர் உள்ளே போய், நேற்று ஆறாக இருந்து, இன்று காலை ஐந்தாகி, மதியம் ஏழாவது எப்படி? அவளுக்குத் தலை கால் புரியவில்லை. குகைக்குள் வேறு யாரோ இருக்கிறார்களா என்று நினைத்து, நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாம் முறை கேட்டபோது கடைசித் தட்டில் காது நின்றது. அது ஒரு தட்டு இல்லை. ஒன்றரைத் தட்டு.

டக்-க.

தன் கையெழுத்தைத் தெரியாத ஊரில் ஒரு சுவரில் பார்த்தது போல இருந்தது. அவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவள் தட்டு உள்ளே இருந்து வருகிறது. எழுந்து போய் ஒச்சம்மாளைக் கையோடு கூட்டிவந்து ஹெட்போனை அவள் தலையில் மாட்டினாள்.

ஒச்சம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள். கேட்கக் கேட்கப் புருவம் நெரிந்தது.

"மொதத் தட்டு மாயண்ணே. மூணாவது எங்க வீட்டு ஆளு, அவரு மணிக்கட்ட ஒடிச்சித்தான் தட்டுவாரு. கடைசி..." கண்ணைத் திறந்து முத்துப்பேச்சியைப் பார்த்தாள். "கடைசி நீங்கதான. இது போன வியாழக்கெழமத் தட்டுல்ல?"

"நேத்து வந்த ஆறு தட்டையும் கேளு."

கேட்டாள். ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், நீங்க ஆறு தட்டுன்னு சொன்னப்ப கல்லால எதையோ தட்டுறாகன்னு நெனச்சேன். இது தலைத்தட்டு. உள்ள இருந்துக்கிட்டு அவுக தலைத்தட்டு தட்ட மாட்டாக. வெளிய வராம தட்டுனா பொய் சொன்ன மாதிரில்ல? அதோட இது சுத்தியல் சத்தம்." அவள் கை நீட்டினாள். இடிந்த கழுத்துக்குப் பக்கத்தில், தூசி படிந்து, ஆணியில் சுத்தியல் தொங்கிக்கொண்டிருந்தது. "சுத்தியல் இந்தா தொங்குது. உள்ள எதை வச்சுத் தட்டுவாக?"

ஒரு நாளாக அந்தச் சுத்தியலைக் கடந்துதான் எல்லோரும் போய் வந்துகொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி ஐம்பது தடவையாவது அதைப் பார்த்திருப்பாள். இரும்பு பாறையில் விழுகிற ஒலி எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டியவள் அவள்தான். தன் படிப்பு, பெட்டி எல்லாவற்றின்மீதும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

பொன்னையாவிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை.

"கல்லு என்ன டேப் ரிக்கார்டரா?"

"எடப்பக்கம் ஒரு பச்சைப் பாறை அடுக்கு இருக்கு சார். அதுக்குள்ள சத்தம் போனா சட்டுனு வெளிய வர மாட்டேங்குது. உள்ளயே சுத்திக்கிட்டு கெடக்குது. இடிஞ்ச அதிர்ச்சியில இப்பதான் ஒவ்வொண்ணா அவுந்து வருது. சத்தம் அங்க இருந்து கெளம்பல. அங்க தங்கியிருந்திருக்கு. பெட்டி அந்த எடத்தைக் காட்டுது."

"அப்ப உள்ள இருக்கவங்க?"

"அவங்க சத்தம் நமக்கு இதுவரைக்கும் கேக்கவே இல்ல."

அவர் பிளாஸ்க்கைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். "முப்பத்தொரு மீட்டர் குடைஞ்சாச்சு பேச்சி. இன்னும் ஒம்பது. இப்பப் போயி நிறுத்துன்னு சொல்ற. நீ சொல்றது தப்பா இருந்தா ஆறு உசுரு. சரியா இருந்தாலும் எங்க குடையறது?"

"மாயண்ணே காத்து வர்ற பக்கந்தான் போயிருப்பாரு" என்றாள் ஒச்சம்மாள். அவளை யாரும் கேட்கவில்லை. "வலப்பக்கம். எத்தன நாளைக்கு அடைபட்டாலும் மொத மூச்சுத்தான் முக்கியம்னு சொல்லுவாரு."

பொன்னையா இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். மதியம் இரண்டு மணிக்கு இடப்பக்கத் துரப்பணம் நின்றது. வலப்பக்கம் இருபத்திரண்டு மீட்டருக்குக் குழி ஆரம்பமானது.

அதற்குப் பிறகும் முத்துப்பேச்சிக்கு ஒன்று மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது.

"ஒச்சம்மா, என்னைக்காவது அஞ்சு பேரு மட்டும் உள்ள போனாங்களா?"

"நாப்பது நாளும் ஆறு வெளக்குத்தான் குடுத்தேன். அந்த ஒரு நாளு ஏழு. அஞ்சு குடுத்ததே இல்ல. ஏன் மேடம்?"

"ஒண்ணுமில்ல."

ஐந்து தட்டு எந்த நாளுடையது? ஒரு தட்டு பாறைக்குள்ளேயே தொலைந்திருக்கும் என்று தனக்குத்தானே ஒரு பதில் சொல்லிக்கொண்டாள். அது அவளுக்கே ஒட்டவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வலப்பக்கக் குழி காத்துப்பொந்தைத் தொட்டது. உள்ளே இருந்து இருமல் சத்தம் கேட்டதும் சுரங்கத்தில் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தவழ்ந்து வந்தார்கள். மண்ணும் வேர்வையும் அப்பி யார் யாரென்று தெரியவில்லை. கடைசியாகச் சின்னமாயன் வந்தார். அவருக்குப் பின்னால் குழி காலியாக இருந்தது.

ஒச்சம்மாள் அவரைத் தாண்டிக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்கண்ணே அவரு?"

சின்னமாயன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காத்துப்பொந்துலதான் எல்லாரும் கெடந்தோம்த்தா. நேத்துக் காலையில எடப்பக்கம் குடையிற சத்தம் கேட்டுச்சு. அங்கிட்டுத்தான் வர்றாக, நாம இருக்கது தெரியாமப் போயிரும், போயிச் சொல்லிட்டு வர்றேன்னு தங்கப்பாண்டி போனான். போறப்பவே அவன் வெளக்கு மங்கிருச்சு. அப்புறம்..." அவர் முத்துப்பேச்சியைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. "அப்புறம் மதியத்தோட குடையிற சத்தம் நின்னுபோச்சு. எதை வச்சுத் திரும்புவான்? ஒரே இருட்டு. தண்ணி வேற எடையில ஏறிருச்சு, அப்புறம் எங்க பக்கம் குடைஞ்ச சத்தம் அவனுக்கு எட்டுச்சோ என்னவோ. நாங்க கத்துனதுக்குப் பதில் இல்ல."

சத்தத்தைக் காட்டி அவனை அங்கே வரவழைத்ததும் முத்துப்பேச்சி. சத்தத்தை நிறுத்தி அவனை இருட்டில் விட்டதும் அவள். ஐந்து பேரைக் காப்பாற்றிய அதே சொல் ஆறாவது ஆளின் காலடியைப் பறித்திருந்தது. யாராவது தன்னை ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. ஒருவரும் திட்டவில்லை.

ஐந்து பேரும் வரிசையில் நின்றார்கள். ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தவர்கள் அவசரப்படுத்தியபோது சின்னமாயன் கையால் தடுத்தார். சுத்தியலை ஆணியிலிருந்து எடுத்துத் தட்டினார். அடுத்தவனிடம் கொடுத்தார். மூன்றாவதாக நின்றவனின் வலது கை துணியில் கட்டித் தொங்கியது. இடது கையால் தட்டினான். மெலிந்த தட்டு. நான்கு. ஐந்து.

ஒச்சம்மாள்தான் எண்ணினாள். "அஞ்சு" என்றபோது குரல் தரையைத் தொட்டது.

இந்தத் தட்டை முத்துப்பேச்சி முன்பே கேட்டிருக்கிறாள். நேற்றுக் காலை பத்து மணிக்கு. இவர்கள் வெளியே வருவதற்கு இருபத்து மூன்று மணி நேரம் முன்னால். ஓடிப்போய்ப் பதிவைப் போட்டாள். அதே இடைவெளி, அதே மெலிந்த மூன்றாவது.

சத்தத்தைத் தேக்கி வைக்கிற பாறை என்று நேற்றுச் சொன்னாள். நடந்ததை மட்டுமல்ல, நடக்கப்போவதையும் அது தேக்கி வைத்திருக்கிறது. அதற்கு முன், பின் கிடையாது போல. அவள் படித்த எந்தப் பாடத்திலும் இதற்கு இடம் இல்லை. புரிந்துகொள்ள முயன்றால் மண்டை சூடானது, முயலாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் செவ்வாய்க்கிழமை மாலைச் சத்தம் நினைவுக்கு வந்தது. ஒரு குளறுபடி. பிறகு ஒரே ஒரு தெளிவான தட்டு. நாற்பது நாளில் ஒரு ஆள் மட்டும் வெளியே வந்த நாள் எது? அப்படி ஒரு நாள் இல்லை, இனிமேல்தான் வர வேண்டும்.

மதியம் மூன்று மணிக்கு சிமெண்ட் கலவை வண்டிகள் சுரங்கத்துக்குள் வந்தன. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வலப்பக்கக் குழியை எட்டினால் சுரங்கம் வழியாகப் பாய்ந்து வாயிலில் இருக்கிற முப்பது தகரக் கொட்டகைகளையும் அடித்துக்கொண்டு போகும். நான்கு மணிக்குக் குழியை அடைக்க உத்தரவு.

"அடைக்காதீங்க சார். அவரு வருவாரு" என்றாள் முத்துப்பேச்சி.

"எப்படிச் சொல்ற?"

"அவரு தட்டு என்கிட்ட இருக்கு. இன்னும் தட்டலை."

பொன்னையா அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று நாள் தூங்காத ஆளைப் பார்க்கிற பார்வை. "பேச்சி, நீ சொன்னதுல ஒண்ணு பலிச்சுது. அதுக்காக எல்லாம் பலிக்கும்னு இல்ல. ஒருத்தருக்காக முப்பது குடும்பத்தை நான் தண்ணி பக்கத்துல உக்கார வைக்க முடியுமா?"

"அவங்களை மேட்டுக்கு ஏத்திருங்க. வண்டிக்காரங்களையும் அனுப்பிருங்க. நான் மட்டும் இருக்கேன்."

"நானும்" என்றாள் ஒச்சம்மாள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை. "ஒரு மணி நேரம். நாலரைக்குத் தண்ணி எங்க இருக்குன்னு பாப்பேன். அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காத." போகும்போது பிளாஸ்க்கை அவர்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சுரங்கம் காலியானது. குழி வாயில் உட்கார்ந்து இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.

"நேத்துக் காலையில எண்ணுனது அஞ்சு" என்றாள் முத்துப்பேச்சி. "உன்கிட்ட ஆறுன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் ஒச்சம்மாள். "டீயக் குடிக்காம வச்சுட்டீகள்ல."

நேரம் ஓடியது. நான்கு மணி. நான்கு ஐந்து. உள்ளே தண்ணீர் சலசலப்பது மட்டும் கேட்டது. வரும் என்று அவள் சொன்ன தட்டு வரவில்லை. முத்துப்பேச்சி மடியில் பெட்டியை வைத்து அந்தப் பதிவையே திரும்பத் திரும்ப ஓட்டினாள். தெளிவான தட்டு தங்கப்பாண்டியுடையது என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்கு நான்கு நிமிடம் முன்னால் வருகிற அந்தக் குளறுபடி என்ன? சத்தத்தைக் கூட்டிக் கேட்டாள். கூட்டக் கூட்டக் குளறுபடிக்கு உருவம் வந்தது.

டக்-க.

"என் தட்டு" என்றாள். "ஒச்சம்மா, நான் மொதல்ல தட்டுறேன். அதுக்கப்புறம்தான் அவரு வர்றாரு. இருட்டுல அவருக்கு வழி காட்ட ஒரு சத்தம் வேணும். நாம பேசாம உக்காந்திருக்கோம்." அவள் எழுந்து சுத்தியலை எடுத்தாள்.

ஒச்சம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பயம் இருந்தது.

"வேணாம் மேடம். வராத ஆளுக்குத் தட்டக் கூடாது. அவரு வந்துட்டாருன்னு மலைகிட்டச் சொன்னா, அது அப்படியே மறந்துரும். அப்புறம் அவரத் தேடாது. வெளிய விடாது."

மற்ற நேரமாக இருந்தால் முத்துப்பேச்சி சிரித்திருப்பாள். முன் பின் இல்லாத பாறைக்கு முன்னால் நின்றுகொண்டு எதைப் பார்த்துச் சிரிப்பது? இந்த மூன்று நாளில் சுத்தியல் எங்கே தொங்குகிறது என்று பார்த்தது ஒச்சம்மாள் ஒருத்திதான். அவள் சொல்வதைத் தள்ளிவிட்டுத் தட்ட முத்துப்பேச்சிக்குக் கை வரவில்லை. தட்டாமலும் இருக்க முடியாது.

"உள்ள போயிட்டு வெளிய வந்தா தட்டலாம்ல?"

"வந்தவுக தட்டலாம்."

"என் தட்டை நான் தட்டலாம்ல?"

ஒச்சம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தன் தலைவிளக்கைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டாள். "சீக்கிரம் வந்துருங்க" என்றாள்.

இருபத்திரண்டு மீட்டர். முழங்கையும் முழங்காலும் தேய முத்துப்பேச்சி தவழ்ந்தாள். பாதிக்கு மேல் பாறை ஈரமாக இருந்தது. குழி முடிந்து குகை திறக்கிற இடத்தில் தலையை நீட்டியபோது ஒரு முழம் கீழே கறுப்புத் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. விளக்கொளி எட்டிய தூரம் வரை ஆள் இல்லை. "தங்கப்பாண்டி" என்று கூப்பிட்டாள். அவள் குரல் பல சுவர்களில் பட்டுப் பல பக்கமிருந்து திரும்பி வந்தது. குரலை வைத்துக்கொண்டு திசை சொல்ல முடியாது என்று அப்போது தெரிந்தது. இரும்புத் தட்டு அப்படி இல்லை. பாறைக்குள்ளேயே ஓடி, ஒரே பக்கமிருந்து வரும். சுவரில் கை வைத்தால் எந்தப் பக்கம் என்று விரலுக்கே தெரியும்.

பின்னோக்கித் தவழ்ந்து வெளியே வந்து விழுந்தாள். மூச்சு வாங்கியது. சுத்தியலை எடுத்தாள். இந்தத் தடவையாவது ஒழுங்காகத் தட்ட வேண்டும் என்று ஏனோ தோன்றியது. பதிவில் கேட்டதால் தட்டுகிறாளா, தட்டப்போவதால் பதிவில் கேட்டதா? யோசிக்க நேரம் இல்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓங்கித் தட்டினாள். சுத்தியல் துள்ளியது.

டக்-க.

"ஒண்ணு" என்று எண்ணினாள் ஒச்சம்மாள்.

முதல் நிமிடம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். இரண்டாவது நிமிடமும் அதுவே. மறுபடி தட்டலாமா என்று முத்துப்பேச்சியின் கை எழுந்தது. பதிவில் ஒரு தடவைதான் இருந்தது. கையை இறக்கிக்கொண்டாள். மூன்றாவது நிமிடம் குழிக்குள் எங்கோ கல் உரசியது. பிறகு ஒரு மூச்சு, இழுத்து இழுத்து. ஒச்சம்மாள் குழிக்குள் இடுப்பு வரை நுழைந்து கையை நீட்டினாள். சேறு அப்பிய ஒரு கை அதைப் பற்றியது.

தங்கப்பாண்டி வெளியே வந்து தரையில் கிடந்தான். உதடு வெளுத்திருந்தது. கண் கூசி மூடியிருந்தது. "மேடம் தட்டுத்தான..." என்று ஏதோ முனகினான். ஒச்சம்மாள் அவன் முகத்தைத் துடைக்கப் போனாள். அவன் அவளை விலக்கி, கண்ணைத் திறக்காமலேயே, கையை மேலே நீட்டினான். முத்துப்பேச்சி சுத்தியலை அதில் வைத்தாள். உட்கார்ந்த வாக்கில், மணிக்கட்டை ஒடித்து, பாறையில் ஒரு தட்டு தட்டினான். செவ்வாய்க்கிழமை கேட்ட அதே தட்டு.

சுத்தியலை நீட்டியபடியே இருந்தான். எண்ணிச் சொன்னால்தான் அதை வாங்க வேண்டும். ஒச்சம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். முத்துப்பேச்சி காத்திருந்தாள்.

"ரெண்டு" என்று சொல்லிவிட்டு ஒச்சம்மாள் சுத்தியலை வாங்கி ஆணியில் மாட்டினாள்.